தண்ணீர் விட்டவருக்கும் தூர் வாரியவர்களுக்கும் எங்கள் தெருக்களின் நன்றி மடல்

பேரூராட்சி அலுவலகத்தாருக்கும், தண்ணீர் விடும் அண்ணனுக்கும், குழாய் வேலை பார்க்கும் பிட்டருக்கும், தூய்மைப் பணியாளர் அக்காமார், அண்ணன்மாருக்கும், கொசு ஒழிப்புக்கு வீடு வீடாக வந்த தங்கைகளுக்கும், விளக்கு மாட்டும் தம்பிக்கும், எங்கள் வார்டு கவுன்சிலருக்கும் வணக்கம்.

கடலூர் மாவட்டத்தில் மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். ஒரு சின்னப் பேரூராட்சி வருஷம் முழுக்க என்ன செய்தது, எதைச் செய்யாமல் விட்டது என்பதை அந்த இரண்டு மாதமும் தெருவில் எழுதிக் காட்டிவிடும். இந்த முறை எங்கள் தாழ்வான தெருக்களில் தேங்கிய தண்ணீர் மறுநாளே வடிந்தது. குழாயில் கலங்கல் வந்த இடத்திலும் அது வயிற்றுப்போக்காக முற்றுவதற்குள் அடைக்கப்பட்டது. தை பிறந்துவிட்டது. இப்போது எழுதாவிட்டால் இனி அடுத்த மழையில்தான் உங்கள் ஞாபகம் வரும், அப்போது புகார்தான் எழுதுவோம்.

பொத்தாம் பொதுவாகச் சொல்லும் நன்றி மேடையில் போர்த்தும் பொன்னாடை மாதிரி, யார் தோளிலும் நிற்காது. அதனால் வேலையைச் சொல்லியே சொல்கிறோம்.

முதலில் தண்ணீர். மேல்நிலைத் தொட்டிக்கு மருந்து போடுவதில் ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு. 60,000 லிட்டர் தொட்டி என்றால் 240 கிராம். கூடிப்போனால் காபியிலேயே மருந்து வாடை அடித்து ஊரே ஏசும். குறைந்துபோனால் வாடை இருக்காது, ஒருவரும் கேட்கவும் மாட்டார்கள், அதுதான் ஆபத்து. அந்த 240 கிராமை அப்படியே தொட்டியில் கொட்டிவிட்டு இறங்கிவிடுகிறவர்கள் எங்கும் உண்டு. எங்கள் அண்ணன் பிளாஸ்டிக் வாளியில்தான் கரைக்கிறார், தகர வாளியை மருந்து அரித்துவிடும் என்பதால். கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கட்டி தட்டாமல் குழைத்து, பிறகு வாளியை நிறைத்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் இறங்கும்வரை அப்படியே விடுகிறார். மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும், தொட்டியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே, ஊற்றுகிறார். அடிச்சுண்ணாம்பையும் சேர்த்து ஊற்றினால் அது வால்விலும் வீட்டுக் குழாய் முனையிலும் போய் அடைத்துக்கொள்ளும். ஊற்றியபின் அரைமணி நேரம் வால்வைத் திறக்கக் கூடாது; கிருமியைக் கொல்ல மருந்துக்கு அந்த நேரம் தேவை. காலை ஐந்தரைக்கு நமக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் நாலரைக்கு அவர் தொட்டி ஏணியில் இருக்க வேண்டும். கார்த்திகை மாதத்து ஈர ஏணியில்.

மூட்டையின் வாயை இறுகக் கட்டி, தரையில் படாமல் பலகைமேல் வைப்பதும் அவர் பழக்கம். நம் பக்கத்து உப்புக் காற்றில் வாய் திறந்து கிடந்த பவுடர் சில வாரத்திலேயே வீரியம் இழந்துவிடும். பிறகு 240 கிராம் போட்டாலும் சுண்ணாம்பு போட்டதுதான் மிச்சம். இதற்காகத்தான் தெருக்கோடிக் கடைசி வீட்டுக் குழாயில் பிடித்துச் சோதிக்கிறார்கள். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து ஆர்த்தோடொலிடின் என்ற சோதனைத் திரவத்தைச் சொட்டு விட்டால், தண்ணீரில் குளோரின், அதாவது பவுடரின் வீரியம், இருந்தால் மஞ்சள் நிறம் வரும். நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் குளோரின் அளவு தெரிந்துவிடும். கடைசி வீட்டிலும் 0.2 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், இருக்க வேண்டும். வெள்ளக் காலத்தில் 0.5 வரை வைக்கிறார்கள்.

பிட்டர் அண்ணனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். குழாயில் கலங்கல் வந்தால் எல்லோரும் தொட்டியைத்தான் திட்டுவோம். தொட்டி பெரும்பாலும் குற்றவாளி கிடையாது. வால்வை மூடியபின் குழாய்க்குள் அழுத்தம் இறங்கி வெற்றிடம் உண்டாகிறது. சாக்கடையில் மூழ்கிப் போகும் வீட்டு இணைப்புக் குழாயில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் போதும், வெளியே நிற்கும் சாக்கடை உள்ளே உறிஞ்சப்படும். மறுநாள் தண்ணீர் விட்டதும் முதல் இரண்டு குடம் கலங்கலாக வருவது இதனால்தான். குழாயில் நேராக மோட்டார் மாட்டி இழுக்கிற வீடு ஒன்று தெருவில் இருந்தால் தண்ணீர் வரும் நேரத்திலேயே இது நடக்கும். அந்த வீட்டுக்காரர் தன் வீட்டுக்கு மட்டும் தண்ணீர் இழுப்பதாக நினைக்கிறார், தெருவின் சாக்கடையையும் சேர்த்துத்தான் இழுக்கிறார்.

ஓட்டை எங்கே என்று தெருவையே தோண்டிப் பார்க்காமல் பிட்டர் செய்தது எளிமையான வேலை. வால்விலிருந்து ஆரம்பித்து வீடு வீடாக அதே மஞ்சள் சோதனை. ஒரு வீட்டில் நிறம் வருகிறது, அடுத்த வீட்டில் நிறமே வரவில்லை என்றால் கோளாறு அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில். அங்கே மட்டும் தோண்டினார். சாக்கடைக்குள் கிடந்த அரை அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் அடிப்பக்கம் துருவேறிச் சல்லடையாகக் கிடந்தது. அதை வெட்டிவிட்டு, பிளாஸ்டிக் குழாயைச் சாக்கடை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கி, இன்னொரு பெரிய குழாய்க்குள் நுழைத்துக் கொண்டுபோனார். இணைத்தவுடன் வீட்டுக்கு விடவில்லை. கடைக்கோடியைத் திறந்து, தெளிந்து வரும்வரை தண்ணீரை ஓடவிட்டார். தண்ணீர் வீணாகிறது என்று நாங்கள் சிலர் முணுமுணுத்தோம். மன்னிக்கவும்.

வெள்ளம் ஏறிய கிணறுகளுக்கு அவர் சொன்ன கணக்கையும் இங்கே எழுதி வைக்கிறோம், வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். முதலில் கலங்கல் நீரை இறைத்துவிட வேண்டும். ஊறி நின்றபின், 3 மீட்டர் விட்டமும் 2 மீட்டர் தண்ணீரும் இருந்தால் அது சுமார் 14,000 லிட்டர். 56 கிராம் பவுடர் போதும். வெள்ளம் பட்ட கிணற்றுக்கு முதல் தடவை இருமடங்கு.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது, பலாவும் முந்திரியும் சாய்ந்தது ஒரு பக்கம், கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாததால் குடிநீர் இல்லாமல் போனது இன்னொரு பக்கம். அந்தப் பாடத்தை அலுவலகத்தில் யாரோ மறக்காமல் வைத்திருக்கிறார்கள். 10 குதிரைத்திறன் மோட்டாருக்கு 10 கே.வி.ஏ. ஜெனரேட்டர் போதும் என்று நினைத்து வாடகைக்கு எடுத்தால், மோட்டார் கிளம்பும்போதே அது திணறி நின்றுவிடும். கிளம்பும் நொடியில் மோட்டார் பலமடங்கு கரண்ட் இழுக்கும். இந்த முறை நீங்கள் 25 கே.வி.ஏ. ஏற்பாடு செய்து, டீசலையும் முன்கூட்டியே வாங்கிவைத்தீர்கள். கரண்ட் போகவில்லை, ஜெனரேட்டரும் தேவைப்படவில்லை. அதற்காகவே நன்றி.

இனி வடிகால். தூர் வாருவதை வெளியேறும் வாயில் இருந்து ஆரம்பித்து மேல்நோக்கிப் போக வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் கலைந்த சேறு கீழே போய்ச் சிறுபாலத்துக் குழாயில் உட்கார்ந்துகொள்ளும். இந்த வருஷம் புரட்டாசி முதல் வாரத்திலேயே கீழ்முனையில் கடப்பாரை விழுந்தது. மூடுபலகையை இரண்டு விட்டு ஒன்று தூக்கிப் பார்த்துவிட்டு "வாரியாச்சு" என்று கணக்கு எழுதுவதும் உண்டு. நீங்கள் ஒவ்வொன்றாகத் தூக்கினீர்கள். வெளியே வந்தது என்னவென்று நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: இளநீர் மட்டை, தெர்மாகோல் பெட்டி, வீடு கட்டியபோது கழுவிவிட்ட சிமெண்டு உறைந்த கட்டி. கடைசியாகச் சொன்னதை மண்வெட்டி ஒன்றும் செய்யாது, உளி வைத்து உடைக்க வேண்டும். வாசலில் வண்டி ஏற்றச் சாய்தளம் போட்டு வடிகாலை அடைத்தவர்களும் எங்களில் சிலர்தான். நோட்டீஸ் வந்தபோது சண்டைக்குப் போனவர்களும் அதே சிலர்தான்.

எடுத்த சேற்றை ஓரத்திலேயே விடுவதுதான் ஊருக்கு ஊர் நடக்கும் தவறு. ஒரு மழை பெய்தால் அது நேராகத் திரும்பி உள்ளே போய்விடும். செய்த வேலைக்குக் கூலி கொடுத்ததுதான் மிச்சம். நீர் வடிய ஒரு நாள் விட்டு, மறுநாள் டிராக்டரில் அள்ளினீர்கள். ஆறு நிறைந்து ஓடும்போது வடிகாலின் வாய் ஆற்று மட்டத்துக்குக் கீழே போய்விடும், தண்ணீர் உள்நோக்கி ஏறும். இந்த மழையில் அப்படி ஆன மூன்று நாளும் வாயை மணல் மூட்டையால் அடைத்து, டீசல் பம்பு வைத்து மேலே தள்ளியது வேறு வழியில்லாத வேலை. ராத்திரியில் பம்புக்குக் காவல் இருந்தவர்களுக்கு எங்களில் ஒரு வீட்டிலிருந்து டீ வந்தது, அவ்வளவுதான் எங்கள் பங்கு.

கழிப்பறைத் தொட்டியின் கழிவை மழைநீர் வடிகாலில் இணைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதற்குள் மனிதரை இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதற்குத் தடை விதித்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. "இறங்க மாட்டோம், வண்டி வரட்டும்" என்று சொன்ன பணியாளர்களின் பக்கம்தான் நியாயம், அதை அன்றைக்குச் சத்தமாகச் சொல்லாமல் விட்டோம்.

கொசு ஒழிப்புத் தங்கைகள் தொட்டியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, தேய்க்கச் சொன்னார்கள். டெங்கு கொசுவின் முட்டை தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீர் பட்டால் பொரிக்கும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆவதால்தான் வாரம் ஒருமுறை என்கிறார்கள். ஃபிரிட்ஜின் பின்தட்டு, பயன்படுத்தாத ஆட்டுக்கல் குழி, இரண்டையும் அவர்கள்தான் காட்டினார்கள்.

விளக்குத் தம்பி கேட்பது ஒன்றே ஒன்று: கம்பத்தின் எண். ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் விளக்கில் கோளாறு. தெரு முழுக்க இல்லை என்றால் சுவிட்ச் பெட்டியில். வீட்டிலும் கரண்ட் இல்லையென்றால் அது மின்வாரியத்தின் வேலை, அவர்களுடைய புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குச் சொல்ல வேண்டும், அவரை எழுப்பக் கூடாது. மழையில் கம்பத்தைத் தொடாதீர்கள் என்று அவர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்.

அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் உதவியாளர் அம்மாவுக்கு: பிறப்பை 21 நாளுக்குள் பதியுங்கள், சொத்துவரியை ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5 சதவீதம் குறையும் என்று வருகிறவர்களிடமெல்லாம் அலுக்காமல் சொல்கிறீர்கள். மனுவை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளச் சொன்னதும் நீங்கள்தான். "எங்கள் தெருவில் வசதியே இல்லை" என்று எழுதினால் அதை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று கேட்டீர்கள். கேள்வி சரிதான்.

கவுன்சிலருக்கு ஒரு வார்த்தை. சிறுபாலம் கேட்டு ஐப்பசியில் வந்து நின்ற எங்களிடம், "இந்த மழைக்கு ஆகாது, மதிப்பீடு போட்டு மன்றத்தில் வைத்து டெண்டர் விட்டால் சித்திரை ஆகும், இப்போதைக்கு மூட்டை போடுவோம்" என்று சொன்னீர்கள். நாளைக்கே கட்டிவிடலாம் என்று சொல்லியிருந்தால் அப்போது சந்தோஷப்பட்டிருப்போம்.

அலுவலக அம்மா சொன்ன மாதிரியே ஒரு மனுவும் இதோடு. மாரியம்மன் கோயில் தெருவும் பள்ளிக்கூடத் தெருவும் சேரும் முக்கில், கிழக்குப் பக்கம், வால்வுக் குழியின் கான்கிரீட் மூடி குறுக்கே உடைந்திருக்கிறது. குழி 2 அடிக்கு 2 அடி, ஆழம் 3 அடி. பிள்ளைகள் காலை எட்டரைக்குச் சைக்கிளில் வரும் வழி. இப்போதைக்கு ஒரு முருங்கைக் கிளையை நட்டு, சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறோம். இரண்டு பிரதியோடு திங்கள்கிழமை காலை வருகிறோம்.

இப்படிக்கு,
வார்டுக் குடியிருப்போர்