குட்டைக் குழாய் தொலைநோக்கி பற்றி

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். மழை விட்டு வானமும் தெளிந்துவிட்டது. சரி, பாப்பாவுக்கு வாங்கப்போகும் தொலைநோக்கியைப் பற்றி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன், பணம் கட்டுவதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்து சேர வேண்டும்.

பாப்பாவுக்காக நீ பார்த்து வைத்திருப்பது 114 மி.மீ. கண்ணாடி, குவிதூரம், அதாவது ஒளி குவியும் தூரம், 1000 மி.மீ. என்று எழுதியிருக்கிறாய். படத்தில் குழாயைப் பார், அரை மீட்டருக்குப் பக்கம்தான் இருக்கிறது. கண்ணாடியால் ஒளியைத் திரட்டும் இந்த நியூட்டன் வகையில் குழாய் ஏறக்குறைய குவிதூரத்தின் நீளத்துக்கு இருந்தாக வேண்டும். பாதிதான் இருக்கிறது என்றால் கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸைச் செருகும் குழலுக்குள் இன்னொரு வில்லை இருக்கிறது என்று அர்த்தம். இந்த அமைப்பைப் பேர்ட்-ஜோன்ஸ் என்பார்கள். யோசனையில் தப்பில்லை. கோள வடிவக் கண்ணாடியைத் தேய்ப்பது சுலபம், செலவும் குறைவு, அதில் வரும் கோளப் பிறழ்ச்சியை, அதாவது விளிம்பில் படும் ஒளியும் நடுவில் படும் ஒளியும் ஒரே புள்ளியில் குவியாத குறையை, அந்த வில்லை சரிசெய்துகொண்டே குவிதூரத்தையும் நீட்டிக் கொடுக்க வேண்டும். ஆனால் வில்லை நன்றாக இருந்து, சரியான தூரத்தில், அச்சு பிசகாமல் உட்கார்ந்தால்தான் அது நடக்கும். மலிவானவற்றில் அது லொடலொடக்கும் குழலில் இருக்கிறது, ஃபோகஸைத் திருகும்போது அதுவும் சேர்ந்து நகர்கிறது.

எங்கள் தெருப் பையன் ஒருவனிடம் இதே அளவில் ஒன்று இருக்கிறது. அதில் வியாழனைப் பார்த்தோம். 25 மி.மீ. ஐபீஸில் நாலு நிலாவும் தெரிந்தன. இன்னும் பெரிதாகக் காட்டும் 10 மி.மீ. போட்டதும் பட்டைகளே இல்லாத ஒரு வெளிச்ச உருண்டை, சுற்றிலும் புகை மூட்டம். பிரகாசமான நட்சத்திரம் ஒன்றை நடுவில் வைத்து ஃபோகஸை உள்ளே கொஞ்சம், வெளியே கொஞ்சம் திருப்பினோம். ஒரு பக்கம் விளிம்பு தடித்த வளையம், மறுபக்கம் விளிம்பே கரைந்துபோன வட்டம். நல்ல கண்ணாடி என்றால் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். அவனோ இத்தனை நாளும் தனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். எனக்கு மனசு ஆறவே இல்லை.

அதற்காகக் குட்டைக் குழாய் எல்லாமே மோசம் என்று ஒதுக்கிவிடாதே. 114 மி.மீ. கோளக் கண்ணாடிக்குக் குவிதூரம் சுமார் 850 மி.மீ.க்கு மேல் இருந்தால் பிறழ்ச்சி பெரிதாகத் தெரியாது, அதனால் 900 மி.மீ. நீளக் குழாய் தைரியமாக வாங்கலாம். 76 மி.மீ.க்கு 500 வேண்டும், மேசைமேல் வைக்கும் குட்டிகளோ 300-இல் வருகின்றன, நிலாவுக்கும் கார்த்திகைக் கூட்டத்துக்கும் போதும், கோள்களுக்குப் போதாது. குழாய் குட்டையாகவே வேண்டும் என்றால் கண்ணாடி கோளமாக இல்லாமல், நேரே வரும் ஒளியை ஒரே புள்ளியில் குவிக்கும் பரவளையமாக இருந்தாக வேண்டும். ஸ்கை-வாட்சர் ஹெரிடேஜ் 130பி அப்படிப்பட்டது, 130 மி.மீ., குவிதூரம் 650, குழாயை உள்ளே தள்ளி மடக்கி அலமாரியில் வைத்துவிடலாம். விலை கூடுதல்தான், ஆனாலும் என் ஓட்டு அதற்குத்தான்.

அதிலும் ஓரத்து நட்சத்திரங்களுக்கு வால் முளைக்கும், விட்டத்தைப் பார்க்கக் குவிதூரம் குறைவாக உள்ள கண்ணாடியின் இயல்பு அது. நடுவில் கூர்மையாக இருக்கிறதா என்று மட்டும் பார். கண்ணாடிகள் துளி விலகினாலும் நடுவும் கெட்டுவிடும் என்பதால் அவற்றை நேராக்கும் கோலிமேஷன் பழகியே ஆக வேண்டும், பாப்பாவே பத்து நிமிஷத்தில் கற்றுக்கொள்வாள். அப்புறம் பெட்டியில் 675 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று போட்டிருந்தால் நம்பாதே. விட்டத்தின் மி.மீ. கணக்கைப் போல இரண்டு மடங்கு, அதுவும் காற்று அசையாத ராத்திரியில்தான். கூட 4 மி.மீ. ஐபீஸ் வந்தால் அதை ஓரமாக வைத்துவிட்டு பிளாசல் வகை ஐபீஸ் நல்லதாக ஒன்று வாங்கு.

சனியின் வளையம் 2025-இல் விளிம்பைக் காட்டிக் கோடாக நின்றது, இனி வருஷா வருஷம் விரிந்துகொண்டே போகும், பாப்பாவுக்கு நல்ல காலம். எதை வாங்கினாய் என்று எழுது. விடுமுறைக்கு வரும்போது லேசர் கோலிமேட்டரைக் கொண்டுவருகிறேன், அதுவரை கண்ணாடித் திருகாணிகளை அழுத்தி முறுக்க வேண்டாம்.

உன் நண்பன்