இங்கேயும் ஒரு பங்கர் இருக்கிறது

அண்டர்மாட், சுவிஸ்,
தை மாதக் கடைசி ஞாயிறு.

அன்பு மச்சான்,

நீ தீபாவளிக்கு அனுப்பிய குரல் செய்திக்கு இன்றுதான் பதில் எழுதுகிறேன். கோபம் இருந்தால் இரண்டு வார்த்தை ஏசிவிட்டு மேலே படி. முழங்கால் எப்படி? பெரியக்கா வீட்டுக் கல்யாணப் படங்கள் எல்லாம் பார்த்தோம். நீ பட்டு வேட்டியோடு நிற்கிற படத்தை என் மனுசி பெரிதாக்கிப் பார்த்து, "இவரா மாஸ்ரர் வீட்டு மதிலேறி மாங்காய் பிடுங்கினவர், இந்த வயிற்றோடா?" என்று கேட்டாள். அப்போது வயிறு இல்லை என்று சொல்லி உன் மானத்தைக் காப்பாற்றினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன கிழமை நடந்த ஒன்றை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை தொடங்கிய ஸ்னோ மூன்று நாள் விடவில்லை. படத்தைப் பார்த்துவிட்டு நீ "சொர்க்கம்" என்று எழுதுவாய். விடிய ஐந்தரைக்கு ஹோட்டல் குசினிக்கு நடந்துபோகிறவனுக்கு அது வேறு. மூச்சை இழுத்தால் மூக்குக்குள் மயிர் விறைத்துக் குத்தும். குளிர் கடுமையான நாளில் சப்பாத்துக்கு அடியில் ஸ்னோ நறநற என்று சத்தம் போடும். சின்ன வயதில் ஆனையிறவில் உப்புக் குவியலில் ஏறி நின்றோமே, அதே சத்தம். தெருவோரம் நட்டிருக்கிற நீளக் கம்புகளை வைத்துத்தான் எது ரோட்டு, எது வாய்க்கால் என்று தெரியும். கூரைகளுக்குக் கீழே நடக்கக் கூடாது, மேலே குவிந்தது மொத்தமாகச் சரியும்.

எங்கள் ஊர் 1,444 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கீழே கோஷெனனுக்கு இறங்க ஷொலெனன் என்கிற மலையிடுக்குக்குள்ளால் ஒரு ரோட்டும் ஒரு சின்ன ரயிலும். மற்றப் பக்கங்களில் ஓபரால்ப், ஃபுர்கா, கொத்தார்ட் கணவாய் ரோட்டுகளை மாரிக் குளிர்காலம் முழுக்க மூடிவிடுவார்கள். டாவோசில் பனி ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. மாரியில் தினமும் பின்னேரம் ஐந்து மணிக்குப் பனிச்சரிவு அபாயம் ஐந்தில் எத்தனை என்று அறிவிக்கும். நாங்கள் முன்பு பிபிசி தமிழோசைக்குக் காத்திருந்த மாதிரித்தான் இங்கே எல்லாரும் அதற்குக் காத்திருப்பார்கள். புதன் பின்னேரம் அபாயம் நான்கு என்று வந்தது. ரோட்டும் நின்றது, ரயிலும் நின்றது. வீட்டில் கறிவேப்பிலை முடிந்து, லுட்சேர்ன் தமிழ்க் கடைக்கும் போக முடியாமல் வெறும் தாளிதம்.

வியாழன் எனக்கு லீவு. விடியற்காலை வானம் வெளித்திருந்தது. ஸ்னோ தள்ளப் போவோம் என்று நடையில் குந்தியிருந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் வெடி. கண்ணாடி யன்னல் அதிர்ந்தது. இரண்டாவது வெடிக்கும்போது நான் சுவரோடு ஒட்டி, முழங்காலுக்கிடையில் தலையைப் புதைத்து, காதைப் பொத்திக்கொண்டிருந்தேன் மச்சான். வாயைக்கூடத் திறந்து வைத்திருந்தேன், மாஸ்ரர் சொல்லித்தந்த மாதிரி. 1990இல் யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கம் பொம்மர் விமானங்கள் சுற்றிய நாட்களில் எப்படி இருந்தோமோ அப்படியே.

பதினான்கு மாரியாக அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் நான் எப்போதும் குசினியில் இருப்பேன். புகைபோக்கி இரைச்சலில் பாதிச் சத்தம் அமுங்கிவிடும், மீதியை நான் பல்லைக் கடித்து விழுங்கிவிடுவேன். வீட்டில் இருந்து கேட்டது இதுதான் முதல் தடவை. கடைக்குட்டி துள்ளிக்கொண்டு யன்னலுக்கு ஓடினாள். "அப்பா, மலையில் ஸ்னோவை விழுத்துகிறார்கள்! இன்றைக்கு ரோட்டுத் திறக்கும்!" என்று கத்திவிட்டுத் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பத்து வயது முகம் மாறியதை என்னால் எழுத முடியவில்லை.

சரிவில் சேர்ந்த ஸ்னோ தன்பாட்டில் பெரிதாக இறங்க முன்னர், ஆட்களை ஒதுக்கிவிட்டு, ஹெலியிலிருந்து வெடிமருந்து போட்டோ மலையில் நட்ட கம்பங்களிலிருந்து வெடிக்கவைத்தோ சின்னதாக இறக்கிவிடுவார்கள். ஒரு காலத்தில் சுவிஸ் இராணுவத்தின் மோட்டார் பீரங்கியையே இதற்குப் பாவித்தார்கள். மோட்டார், மச்சான். எங்களைக் கிடங்குக்குள் ஓடவைத்த அதே சாமான்.

பின்னேரம் மேல்மாடி ஆச்சிக்கு ரோல்ஸ் கொண்டுபோனேன். எண்பது தாண்டிவிட்டது, இன்னமும் தன் வாசல் ஸ்னோவைத் தானே தள்ளுகிற மனுசி. காலையில் சுகமில்லையா, பிள்ளை அழுத சத்தம் கேட்டதே என்றார். எப்படியோ சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னை யன்னலடிக்குக் கூட்டிப்போய், ஊருக்கு மேலே ஆப்பு மாதிரி நிற்கிற அந்தச் சின்னக் காட்டைக் காட்டினார். அதில் மரம் வெட்டக் கூடாது என்று ஊர்க்காரர் 1397இலேயே எழுதிக் கட்டுப்பாடு வைத்தார்களாம். அந்த மரங்கள்தான் ஊரின் தலைக்குக் கவசம். ஆனால் 1951 தை மாதம் (ஜனவரி) 20ஆம் தேதி காடும் போதவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் சரிவுகள் இறங்கின. இந்த ஊரில் மட்டும் 13 பேர். ஆச்சிக்கு அப்போது ஆறு வயது. தாய் தன்னைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு நிலவறைக்கு ஓடியதும், அங்கே உருளைக்கிழங்கு மணத்ததும் மட்டும்தான் ஞாபகமாம்.

"அந்த வருடம் யாரும் வெடி வைக்கவில்லை. அது தானாகவே வந்தது. இப்போது வெடிச் சத்தம் கேட்டால்தான் எனக்கு அன்றைக்கு இரவு நித்திரை வரும்" என்றார்.

இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டியிருந்தது. நான்கு நாளாக இதே நினைப்பு. எனக்கு ஆறுதலாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. சனங்கள் நித்திரை கொள்வதற்காகவும் ஒருவன் விடிய எழும்பி வெடி வைப்பானா? நம்மைச் சுற்றி வெடித்தவர்களில் ஒருவனாவது கீழே ஆள் நிற்கிறதா என்று பார்த்தானா? உன் தம்பியை நினைத்தேன். அதற்குமேல் எழுதவில்லை.

அன்றிரவு கடைக்குட்டியை நிலவறைக்குக் கூட்டிப்போனேன். இங்கே நிறைய வீடுகளுக்குக் கீழே சட்டப்படி கட்டிய பங்கர் உண்டு, தெரியுமா? ஒரு சாண் தடிப்பில் கொங்கிரீட் கதவு. எங்களுடையதில் எல்லார் வீட்டுப் பனிச்சறுக்குப் பலகைகளும், ஆச்சியின் அப்பிள் பெட்டியும், எங்கள் அரிசி மூட்டையும் இருக்கின்றன. அங்கே நிலத்தில் இருந்து எங்கள் பங்கரைப் பற்றிச் சொன்னேன். 'ட' வடிவில் வெட்டியது, மேலே பனங்குற்றி அடுக்கியது, குப்பி விளக்கில் நீ கணக்குச் செய்தது எல்லாம். உன் கோழிக் கதையையும் சொன்னேன். அதற்குத்தான் சிரித்தாள். பிறகு ஒரு தாளில் அதைக் கீறினாள், கோழியோடு. படம் இதற்குள் இருக்கிறது.

அது இப்போதும் இருக்கிறதா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. முழங்கால் விட்டால், ஒரு பின்னேரம் பழைய வளவுப் பக்கம் போய் முருங்கைக்குப் பின்னால் பார். தூர்ந்துபோயிருந்தால் தூர்ந்துபோனதென்றே எழுது. அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், ஆனபடியால் உன் கோழிக் கால் எழுத்தைக் கொஞ்சம் தெளிவாக எழுது.

அன்புடன்,
உன் மச்சான்