சென்னைக்கு வந்த அயர்லாந்து எம்.பி.

ஆசிரியர் அவர்களுக்கு,

காங்கிரஸின் ஆரம்பகாலத் தலைவர்களைப் பற்றிப் பேசும்போது ஆல்ஃபிரட் வெப் பெயரைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். எனக்கு இது பெரிய மனக்குறை. டப்ளினில் அச்சகம் நடத்திய குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளை அவர். அப்பா ரிச்சர்ட், அமெரிக்காவில் அடிமை முறை ஒழியவேண்டும் என்று டப்ளினில் இருந்தபடியே பாடுபட்டவர். அந்த வீட்டில், அச்சு மை வாசத்தோடு வளர்ந்த மகன் 1890-இல் வாட்டர்ஃபோர்டு மேற்குத் தொகுதி எம்.பி. ஆனார். அயர்லாந்துக்குத் தன்னாட்சி கேட்டவர், நமக்காகவும் நின்றார். 1894 டிசம்பரில், அறுபது வயதில், கப்பலேறி வந்து சென்னை காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். அடுத்த வருஷமே எம்.பி. பதவியை விட்டார். பள்ளிப் பாடப்புத்தகத்தில் அவருக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

– ஒரு வாசகர், சென்னை