9,307 ஆசிரியர்கள்: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபின் விடுதலையான கறுப்பின மக்களுக்காக நடந்த பள்ளிகள் குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் அதிகம் எழுதப்படாத விஷயத்துக்கு இத்தனை பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனாலும் இரண்டு செய்திகளை அப்படியே விட்டுவிட முடியாது. 1870இல் 4,239 பள்ளிகளில் 9,307 ஆசிரியர்கள் 2,47,333 மாணவர்களுக்குக் கற்பித்தார்கள் என்பது ஒன்று. அவர்களை ஃப்ரீட்மென்ஸ் பியூரோ (விடுதலையானவர்களுக்கு உதவ அமெரிக்க அரசு அமைத்த துறை) நியமித்துச் சம்பளம் கொடுத்தது என்பது இன்னொன்று.

எண்கள் சரிதான். பியூரோவின் பொதுக் கல்விக் கண்காணிப்பாளர் ஜான் ஆல்வோர்ட் 1870 ஜூலையில் கொடுத்த அறிக்கையில் உள்ளவையே அவை. ஆனால் அவர் இரண்டு கணக்குகளைக் கூட்டியிருக்கிறார். பகல் பள்ளிகளும் இரவுப் பள்ளிகளும் 2,677. அவற்றில் ஆசிரியர்கள் 3,300 பேர், மாணவர்கள் 1,49,581 பேர். மீதமுள்ள 1,562 பள்ளிகளும் 6,007 ஆசிரியர்களும் 97,752 மாணவர்களும் ஞாயிறு பள்ளிகளைச் சேர்ந்தவர்கள். அதாவது மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியர்கள் வாரத்துக்கு ஒரு நாள் கற்பித்தவர்கள். பகல் பள்ளிக்கு வந்த பிள்ளை ஞாயிறு பள்ளிக்கும் போயிருந்தால் இரண்டு கணக்கிலும் ஏறியிருக்கும். ஞாயிறு பள்ளியை நான் மட்டமாகச் சொல்லவில்லை. ஆறு நாளும் பருத்தி வயலில் கிடந்த பெரியவர்கள் பலருக்கு எழுத்து கிடைத்ததே அங்கேதான். ஆனால் இந்தப் பள்ளிகளைப் பியூரோ எப்படிக் கண்காணித்தது என்று பேசும்போது இரண்டையும் கலந்தால் ஒன்றுமே புரியாமல் போய்விடும்.

சம்பள விஷயத்துக்கு வருகிறேன். 1865 மார்ச் 3 அன்று போர்த்துறையின் கீழ் பியூரோவை உருவாக்கிய சட்டத்தில் பள்ளி என்ற பேச்சே இல்லை. 1866 ஜூலை 16 சட்டம்தான் வழிவிட்டது. அதுவும் அரைவழி: தொண்டு சங்கங்கள் அரசுக்குச் செலவில்லாமல் ஆசிரியர்களைத் தந்தால், பியூரோ கட்டடம் பிடித்துக் கொடுக்கலாம், பாதுகாப்பு தரலாம். ஆகவே ஆசிரியர்களை அமர்த்தியவை அமெரிக்கன் மிஷனரி அசோசியேஷன் போன்ற சங்கங்களும், பல ஊர்களில் விடுதலையான மக்களுமே. நடைமுறையில் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். பள்ளிக் கட்டடத்துக்கு 'வாடகை' என்று பியூரோ பணம் கொடுக்கும்; அதைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். கண்காணிப்பாளர் கையில் உருப்படியாக இருந்த ஒரே பிடி இந்த வாடகைதான். நியமனமும் நீக்கமும் அவர் அதிகாரத்தில் இல்லை.

பிறகு எப்படிக் கண்காணித்தார்கள்? பெரும்பாலும் ஒரு தாளை வைத்துத்தான். மாதக் கடைசியில் ஆசிரியர் ஓர் அச்சுப் படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். கட்டடம் யாருடையது, பதிவானவர் எத்தனை பேர், சராசரி வருகை எவ்வளவு, ஒரு நாள்கூட விடாமல் வந்தவர் எத்தனை, 16 வயதைத் தாண்டியவர் எத்தனை. அகரவரிசை படிப்பவர், எழுத்துக் கூட்டி எளிய பாடம் வாசிப்பவர், மேல்வகுப்பு வாசிப்பவர், எழுதுபவர், கணக்கு, புவியியல், தையல் படிப்பவர் தனித்தனியாக. போருக்கு முன்பே அடிமையாக இல்லாதவர் எத்தனை, வெள்ளையர் எத்தனை, விடுதலையானவர்கள் கட்டிய கட்டணம் எவ்வளவு. வட்டார அதிகாரிக்கு வேறு படிவம். கறுப்பினப் பள்ளிகளைப் பற்றி ஊரில் பொதுக்கருத்து எப்படி என்ற கேள்வி அதில் இருக்கும். வெறும் சம்பிரதாயக் கேள்வி அல்ல அது. வெளியூரிலிருந்து வந்த ஆசிரியைக்குத் தங்க அறை கிடைக்குமா என்பது முதல் பள்ளிக்குத் தீ வைப்பார்களா என்பது வரை அந்த ஒரு பதிலில் அடக்கம். 1866 மே மாதம் டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் நடந்த கலவரத்தில் கறுப்பின மக்களின் பள்ளிகளும் தேவாலயங்களும் எரிக்கப்பட்டதை மறக்கக்கூடாது.

இந்தத் தாள்களைப் பார்ப்பவர்கள் பதிவு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் வழக்கமான பிழை. பருத்தி எடுப்பு ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி ஆண்டு முடிவுவரை போகும். பிள்ளைகள் வயலில் இருப்பார்கள். நடவு நேரத்திலும் அப்படித்தான். வருகை சரிந்ததற்கு ஆசிரியரைக் குறை சொல்லும்முன், போன ஆண்டின் அதே மாதத் தாளோடு ஒப்பிட வேண்டும். அகரவரிசை படிப்பவர் எண்ணிக்கை மாதாமாதம் குறைந்து, எளிய பாடம் வாசிப்பவர் கூடுகிறார்களா என்று பார்ப்பதுதான் கற்பித்தலுக்கான உண்மையான சோதனை. புதிதாகச் சேர்பவர்கள் அந்தக் கணக்கைக் குழப்புவார்கள் என்பதால், பதிவில் எத்தனை பேர் கூடினார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நேரில் போய்ப் பார்ப்பது அரிது. தென்பகுதி முழுமைக்கும் பியூரோ அதிகாரிகள் எந்தச் சமயத்திலும் 900 பேருக்கு மேல் இருந்ததில்லை. கூலி ஒப்பந்தம், வழக்கு, உணவு வழங்கல் எல்லாம் அவர்கள் தலையிலேயே இருந்தன. பள்ளி அவற்றில் ஒன்று, அவ்வளவே.

கணக்கில் விழாமல் போனவர்களையும் சொல்ல வேண்டும். விடுதலையானவர்களே தொடங்கிய பள்ளிகள் குறைந்தது 500 இருக்கும் என்று ஆல்வோர்டே 1866 ஜனவரி அறிக்கையில் எழுதினார். ஜார்ஜியா மாநிலத்தின் சவான்னா நகரில் கறுப்பினப் போதகர்கள் சேர்ந்து சங்கம் அமைத்து, அடிமைச் சந்தையாக இருந்த கட்டடத்திலேயே பள்ளி நடத்தினார்கள். ஆசிரியர்களும் அவர்கள் ஆட்களே. பணமுடை வந்ததும் நிர்வாகம் மிஷனரி சங்கத்தின் கைக்குப் போனது. எந்தச் சங்கத்தோடும் சேராத சிறு பள்ளிகளிலிருந்து தாள் ஒழுங்காக வராது. வராதவற்றை ஆல்வோர்ட் தனி வரியில் காட்டியிருக்கிறார். கட்டுரையில் அந்த வரி விடுபட்டதால் வடக்கிலிருந்து வந்த வெள்ளை ஆசிரியைகளே எல்லாம் செய்தார்கள் என்ற தோற்றம் வந்துவிட்டது. ஆசிரியர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவர் என்று பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன.

கட்டுரையின் அடுத்த பகுதியில் பகல், இரவுப் பள்ளிகளின் எண்ணிக்கையைத் தனியாகவும், ஞாயிறு பள்ளிகளைத் தனியாகவும் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். மூலப் படிவங்கள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. படமெடுத்து இணையத்தில் இலவசமாகவும் வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு மாவட்டத்தின் ஓராண்டுத் தாள்களை எடுத்து மாதவாரியாக வெளியிட்டால், மாணவர்களுக்கு அது மிகவும் உதவும்.

இப்படிக்கு,
வாசகர், தஞ்சாவூர்