மெரினா மணலும் ஒரு ஆமையும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தேதி குறித்ததும் எழுது, முன்கூட்டியே வந்துவிடுகிறேன்.

போன சனிக்கிழமை ராத்திரி ஆமை பார்க்கப் போயிருந்தேன். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலிலேயே நடை. 1988 முதல் மாணவர்கள்தான் இதை நடத்துகிறார்கள். இரண்டு மணிக்கு மேல் ஒரு பங்குனி ஆமை கரையேறியது. பின்னங்கால் துடுப்புகளால் ஒன்றரை அடிக்குக் குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல் இட்டு, மூடி, உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டி மணலை இறுக்கியது. மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்டது. அது கடலுக்குத் திரும்பியதும் பிள்ளைகள் முட்டைகளை எடுத்துப்போய்ப் பொரிப்பகத்தில் புதைத்தார்கள். அங்கேயே விட்டால் நாய் தோண்டிவிடும். தப்பிப் பொரித்த குஞ்சுகளும் கடலை விட்டுத் தெருவிளக்கு வெளிச்சத்தைப் பார்த்து ரோட்டுக்கு ஊர்ந்துவிடும். பிறப்பது ஆணா பெண்ணா என்பதே மணலின் சூட்டைப் பொறுத்ததாம். சூடு கூடினால் பெண்.

அன்றிலிருந்து மணல் நினைப்பாகவே இருக்கிறது. கல்லூரி நாட்களில் கால் ஓய நடந்தோமே, அந்த மெரினா மணல் ஆதியிலிருந்தே அங்கே கிடந்தது என்றுதான் எண்ணியிருந்தேன். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸை வைக்க 1842இல் ஐஸ் ஹவுஸ் கட்டியபோது கடல் அதற்குப் பக்கத்தில் இருந்தது. இன்று எவ்வளவு தூரம் பார். 1876இல் துறைமுகச் சுவர் எழும்பத் தொடங்கியது. இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி அலை மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகும். சுவர் மறித்தது, தெற்கே மணல் சேர்ந்தது. 1884இல் கவர்னர் கிராண்ட் டஃப் நடைபாதை போட்டு மெரினா என்று பெயரும் வைத்தார்.

சரி, வடக்கே? வர வேண்டிய மணல் வராமல் ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் கரையைத் தின்றது. மீனவர் வீடுகள் போயின. இப்போது கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். நாம் உட்கார்ந்து பேசிய மணல் அவர்கள் வாசலுக்குப் போயிருக்க வேண்டியது. இதை நினைத்தால் மனசு கனக்கிறது. அந்தக் கல்லில் ஆமைதான் எப்படி ஏறும்?

அன்று புதைத்த முட்டைகள் பொரிக்க ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். பங்குனிக் கடைசியில் இரண்டு நாள் ஒதுக்கி வா. குஞ்சுகளைக் கடலில் விடும்போது நீயும் கூட இருக்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்