கபடி நடுவருக்குக் கைகொடுங்கள்

ஐயா,

பள்ளிகளின் குறுவட்டக் கபடிப் போட்டிகளில் பெற்றோர் அதிகம் கொதிப்பது போனஸ் புள்ளிக்குத்தான். பாடிச் செல்பவர் அதைப் பெற, எதிரணியில் 6 பேராவது களத்தில் இருக்க வேண்டும். அவரது ஒரு கால் எதிரணிக் களத்திலுள்ள போனஸ் கோட்டைத் தாண்டி ஊன்றும்போது மறுகால் தரையில் படக்கூடாது. இது கோட்டருகே நிற்பவர் கண்ணுக்குத்தான் தெரியும், பந்தலில் இருப்பவருக்கு அல்ல. களத்தின் இருபக்க ஓரப் பட்டையான லாபியும் அப்படியே: தொடுகை நடந்த பிறகுதான் அது ஆடுகளம், முன்பே மிதித்தால் அவுட்.

முறைப்படி 6 அலுவலர்கள் வேண்டும். ஒரே உடற்கல்வி ஆசிரியர் விசிலும் ஊதி, ரெய்டின் (பாடிச் செல்லும் முறையின்) 30 விநாடியையும் எண்ணினால் பிழை வரத்தான் செய்யும். போட்டி நடத்தும் பள்ளி, புள்ளி எழுதவும் நேரம் பார்க்கவும் தனித்தனி ஆள் தரட்டும். தீர்ப்பில் ஐயமென்றால் அணித்தலைவர் மட்டும் கேட்கட்டும். பெற்றோர் களத்துக்குள் இறங்கினால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும்.

– கபடி நடுவர்கள் சிலர், மதுரை