ஊருணிச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அண்ணன் அவர்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தேவையான உறுப்பினர் எண்ணிக்கை (கோரம்) சேராமல் இரண்டு கூட்டங்கள் தள்ளிப்போயின. படித்துறைக் கல் சரிசெய்தாயிற்று. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எனக்குள்ள நேரத்தைத் தண்ணீர் பச்சையான விவகாரத்துக்கே எடுத்துக்கொள்கிறேன்.

மாசியில் ஊருணி பாசி பிடித்து நாறியது. 'நல்ல நுண்ணுயிர்' என்று ஒரு கடையில் விற்ற கரைசலை கேன் கேனாக வாங்கி ஊற்றினோம். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். பத்தே நாளில் பழைய பச்சை வந்துவிட்டது.

அப்புறம்தான், சேற்றில் இருக்கும் நுண்ணுயிர்களை ஜாடியில் வளர்த்துப் பார்க்க ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1880களில் கண்ட முறையைச் செய்து பார்த்தோம். ஊருணிச் சேற்றில் முட்டை ஓட்டுப் பொடி, மஞ்சள் கரு, கிழித்த செய்தித்தாள் கலந்து கண்ணாடி ஜாடியில் போட்டு, மேலே ஊருணித் தண்ணீரை ஊற்றி, என் வீட்டு வளவில் வெளிச்சம் படும் தூணோரம் வைத்தோம். இரண்டு மாதத்தில் மேலே பச்சை, நடுவில் ஊதா, அடியில் கறுப்பு. எதையும் நாங்கள் விதைக்கவில்லை. எல்லாம் சேற்றில் இருந்தவைதான். காற்றே போகாத அடிச்சேற்றில் சல்ஃபேட்டை வைத்துப் பிழைக்கும் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிவிடுகிறது. (அந்த அழுகல் முட்டை வாடைக்காக எங்கள் ஆச்சி ஜாடியை இரண்டு முறை வாசலுக்குக் கடத்தினார்.) மேலே ஏறிவரும் அந்த வாயுவும் வெளிச்சமும் சந்திக்கும் இடத்தில் ஊதா பாக்டீரியா குடியேறுகிறது. ஒன்றின் கழிவு மற்றதற்குச் சோறு.

யார் முதலில் வருகிறார் என்பதும் கணக்குத்தான். இட்லி மாவில் முதலில் பெருகி மாவைப் பொங்கவைப்பது லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியா. புளிப்பு ஏறியபின் அதைத் தாங்கும் வேறு பாக்டீரியா கை ஓங்கும். இடமும் சாப்பாடும் ஏற்கெனவே பிடிபட்ட ஊருணியில் கேன் சரக்கு எங்கே உட்காரும்?

ஒரே தண்ணீரில், ஒரே சில சத்துகளுக்குப் போட்டியிட்டும் இத்தனை வகை மிதவையுயிர்கள் எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன என்று 1961-இல் சூழலியல் அறிஞர் ஹட்சின்சன் கேட்டார். ஒன்று ஜெயித்து முடிப்பதற்குள் பருவம் மாறிவிடுகிறது என்பது அவர் தந்த விளக்கம். மிஞ்சிப் பெருகும் இனத்தை வைரஸ் தாக்கிக் குறைக்கும் என்பது பின்னால் சேர்ந்தது. வற்றிய சேற்றில் உறங்கிக் கிடப்பவையும் மழைக்கு எழுந்துகொள்ளும்.

நம் ஊருணியில் ஒரே பச்சை ஜெயித்ததற்குக் காரணம் வரத்துக்காலில் கலக்கும் அடுப்படி, சோப்புத் தண்ணீர். அதிலுள்ள பாஸ்பரஸ் பாசிக்கு விருந்து. ஆகவே இனி கேன் வாங்குவதில்லை, கழிவுநீரை மறிப்பது என்று தீர்மானித்தோம். இரண்டு வீடுகள் தவிர மற்றவர்கள் குழாயைத் திருப்பிவிட்டார்கள். அந்த இரண்டில் ஒன்று என்னுடையது. ஐப்பசி மழைக்கு முன் மாற்றிவிடுகிறேன்.